பாக்கெட் அக்கா

ஜனவரி 7

மாட்சிமை பொருந்திய சக்கரவர்த்தினி அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. அம்மாவின் முட்டியைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். முட்டிக்கு மட்டும் குளிர் பிடிக்கவில்லையாம், படி ஏறும்போது தனியாகப் புலம்புகிறது. அங்கே நீயும் உன் சீஸ் சக்கரங்களும் சௌக்கியமா? நமக்குள் போய்வரும் கடிதத்தையெல்லாம் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டும் ஹாஸ்டல் வார்டன் அம்மா சௌக்கியமா? (வார்டன் அம்மா, வணக்கம். போன கடிதத்தின் ஓரத்தில் உங்கள் டீ சிந்தியிருந்தது. கம்பெனி ரகசியம் வெளியே போகாமல் காக்கிறீர்கள், சரி. ஆனால் நீங்கள் சர்க்கரை போடாமல் குடிக்கிறீர்கள் என்ற ரகசியம் வெளியே போய்விட்டது. ஒரு எறும்புகூட வரவில்லை.)

விஷயத்துக்கு வருகிறேன். போனை வாசல் கேட்டிலேயே பிடுங்கி வைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாய், உன் முகத்தை எப்போது பார்ப்போமோ என்று இருந்தேன். நேற்று சோப்பு வாங்க சூப்பர் மார்க்கெட் போனால் குளிர்பெட்டிக்குள் நீ. ஒரு நீ இல்லை, மூன்று தட்டு நிறைய நீ. தலையைச் சாய்த்து, சீஸ் சக்கரத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறாய். கீழே ‘இவள் கையால் புரட்டியது’ என்று அச்சடித்திருக்கிறான். பொய். உன் கையால் புரட்டி எடுக்கப்பட்டது நான்தான், சீஸ் அப்புறம்தான்.

ஒரு பாக்கெட்டில் மட்டும் உனக்கு முறுக்கு மீசை வரைந்தேன். அதற்குள் காவலாளி வந்துவிட்டார். இது எங்கள் அக்கா என்றேன். அவர் அசரவில்லை. “ஆமா, அந்த சாஸ் பாட்டில்ல இருக்கிறவர் எங்க மாமா” என்றார்.

சாயங்காலம் லாண்டரியில் இஸ்திரி வேலை முடித்து வந்த அம்மாவை அப்படியே இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடிக் கதவைத் திறந்து உன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். “இவ்வளவு சில்லுன்னு இருக்காளே” என்றாள். வாங்கவில்லை. அந்த விலைக்கு நிஜமான உன்னையே பஸ் ஏற்றிக் கூட்டி வந்துவிடலாம்.

மீசையுடன்,
உன் வாலு


ஜனவரி 26

வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, புலம்பினால் காது கொடு. நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் தூசிச் சளி, வேறொன்றுமில்லை. வார்டன் அம்மா உன் கடிதத்தைக் கொடுக்கும்போது முறைத்தாள். இப்போது அவள் டீயை மேசையின் அந்தக் கோடியில் வைக்கிறாள்.

என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே இருப்பாயே. பூமிக்கடியில் ஒரு நீள அறை, இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் மரப்பலகை, பலகை நிறையச் சீஸ் சக்கரம். அது கிடந்து முதிரும்போது மேலே பூசணம் பூத்துக்கொண்டே இருக்கும். அதை பிரஷால் தேய்த்து உதிர்த்து, சக்கரத்தைப் புரட்டி வைக்க வேண்டும். கடைசிச் சக்கரம் முடியும்போது முதல் சக்கரம் மறுபடி பூத்திருக்கும். உதிர்வது மாவு மாதிரி இருக்கும். இமையில்கூட உட்காரும். மேலே ஏறி வரும்போது எல்லாருக்கும் தலை நரைத்திருக்கும். என் பக்கத்துக் கட்டில் நெட்டைக்குத்தான் அதிகம். உயரத் தட்டெல்லாம் அவள் பொறுப்பு, மொத்தமும் அவள் தலையில்தான் கொட்டும்.

விளம்பரக்காரர்கள் வந்து எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துப் பார்த்தார்கள். என் பல் பிடித்துவிட்டது. அதிலிருந்து ஞாயிறுதோறும் ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று நான் புரட்டுவதைப் பார்க்கிறார்கள். முகமூடி போட்டிருந்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம், பாக்கெட்டில் பார்த்த முகம் வேண்டுமாம். அதனால் கீழே முகமூடி கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு மட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். வார்டன் அம்மா இந்த வரியை அடித்திருந்தால் நான் எதுவும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

அந்த மீசையை நிமிர்த்தி வரைந்தாயா, தொங்க விட்டாயா?

அக்கா


பிப்ரவரி 6

நரைத்த தலை அக்காவுக்கு,

வாலு. நிமிர்த்தித்தான் வரைந்தேன், நம் குடும்ப மானம் என்ன ஆவது?

இங்கே இருவரும் சுகம். உன் கடிதத்தை வழக்கம்போல் நான்தான் அம்மாவுக்கு வாசித்தேன். அவளுக்கு எழுத்து தெரியாதது இப்போதெல்லாம் எனக்கு வசதியாக இருக்கிறது. ‘தூசிச் சளி’ வந்த இடத்தில் ‘நல்ல சாப்பாடு’ என்று வாசித்தேன். முகமூடிப் பத்தியை ஒரே தாவாகத் தாண்டினேன். வால் இருப்பதே தாவத்தானே.

நீ இங்கே எவ்வளவு பிரபலம் தெரியுமா? ‘சக்கரச் சிரிப்பு’ என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. தலையைச் சாய்த்து, வட்டமாக எது கிடைத்தாலும் அணைத்துக்கொண்டு, உன்னை மாதிரியே பல்லைக் காட்டி வீடியோ போட வேண்டும். பாத்திர மூடி, பஸ் ஸ்டியரிங், எல்லாம் ஆயிற்று. எங்கள் விளையாட்டு வாத்தியார் தன் தொப்பையையே அணைத்துக்கொண்டு போட்டார். என் வகுப்பில் ஒரு பணக்காரி. அவள் வீட்டில் மெஷின் புரட்டின சீஸைத் தொடுவதில்லையாம். “அதுல உயிர் இல்லைன்னு அம்மா சொல்வாங்க” என்றாள். உங்கள் வீட்டு சீஸ் மூச்சு விடுமா, குறட்டை விடுமா என்று கேட்டேன். இரண்டு நாளாகப் பேசவில்லை.

சரி, உன் சளிக்கு வருவோம். ஒருமல் என்றால் விட்டுவிடலாம். இருமல் என்றால் யோசிக்க வேண்டும். மும்மல் ஆகிவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். இப்போது எத்தனையாவது மல்? மறைக்காமல் எழுது.

இன்னொன்று. பள்ளிக்கூட டூருக்கு எங்கே போகலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். ‘கைத்தொழில் சீஸ் நிலவறை’ அமோக வெற்றி. வகுப்பில் இருக்கும் தலையை விட ஓட்டு அதிகம் என்று வாத்தியார் ஆச்சரியப்பட்டார். ஜனநாயகத்தில் அதெல்லாம் சகஜம். மார்ச்சில் வருகிறேன்.

தேர்தல் அதிகாரி,
வாலு


பிப்ரவரி 25

வாலுக்கு,

சுகம். அம்மாவும் நீயும் சுகமாக இருங்கள்.

டூர் வேண்டாம், வேறு எங்காவது போ. வந்தாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நிற்பாய், பேச விடமாட்டார்கள். சளி குறைந்துவிட்டது.

அடுத்த மாதம் நெட்டைக்கு விடுப்பு. நம் ஊர் வழியாகத்தான் போகிறாள். அவள் கையில் உனக்கு ஒன்று கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா


மார்ச் 10

அக்கா,

வாலுதான். வந்தேன், பார்த்தேன், ஊர் திரும்பிவிட்டேன். அம்மா சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை.

கண்ணாடிக்கு வெளியே எங்கள் வகுப்பு முழுக்க மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. நீ சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய். பணக்காரி, “ஐயோ, பாக்கெட்ல இருக்கிற மாதிரியே இருக்காங்க” என்றாள். இல்லை. பாக்கெட்டில் இருப்பவளுக்குக் கன்னம் இருக்கிறது.

நீ என்னைப் பார்த்தாய். தெரியும். கூட்டத்தை ஒரு சுற்று பார்த்த கண் என் மேல் வந்ததும் நின்றது. பிறகு தலையைச் சாய்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தாய், என்னைப் பார்த்தே. எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டி முடிப்பதற்குள் சக்கரத்தைப் பலகையில் வைத்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டாய். வழிகாட்டி அக்கா, இப்போது அடுத்த சக்கரம் எடுத்து வருவார் என்று சொன்னாள். நான் ஓரத்துக்கு நகர்ந்து பார்த்தேன். பலகை இடுக்கில் உன் முதுகு தெரிந்தது. கண்ணாடி தடிமன், சத்தம் வரவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாய், தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. ஒரு உயரமான பெண் வந்து உன் முதுகைத் தேய்த்தாள். அவள்தானே நெட்டை அக்கா? பிறகு நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சக்கரத்தோடு வந்தாய், மறுபடி அதே சிரிப்பு, மறுபடி கைதட்டல்.

எனக்குக் கை தட்ட வரவில்லை. வாத்தியார் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன், யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

விட்டுவிட்டு வந்துவிடு அக்கா. நான் எங்காவது வேலைக்குப் போகிறேன். பரீட்சை எனக்கும் பிடிக்காது, அதற்கும் என்னைப் பிடிக்காது.

அம்மாவிடம், நீ நன்றாகச் சிரித்தாய் என்று சொன்னேன். அதில் பொய் இல்லை.

வாலு


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு. இங்கே நலம். மார்ச் மாதக் கடிதத்துக்குப் பதில் இல்லை. வார்டன் அம்மா முழுங்கிவிட்டாளா, நீயே எழுதவில்லையா தெரியவில்லை. நெட்டை அக்காவும் வரவில்லை.

பரவாயில்லை. நான் ஒரு வேலை செய்திருக்கிறேன். என்ன வேலை என்று இங்கே எழுத முடியாது, காரணம் நமக்கு நடுவில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. (வணக்கம் வார்டன் அம்மா.) கூடிய சீக்கிரம் உன்னை அந்தக் குழியிலிருந்து மேலே கூட்டி வந்துவிடுவார்கள். ஆபீஸில் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியாவது கொடுக்காமல் போகமாட்டார்கள். பொறுத்திருந்து பார். பெரிய இடத்துக் கைகளில் விஷயத்தை ஒப்படைத்திருக்கிறேன்.

சிரிக்காதே, இருமல் வரும்.

வாலு


மார்ச் 22

வாலுக்கு,

இதை நெட்டை கையில் கொடுக்கிறேன். வார்டன் பார்க்கமாட்டாள், அதனால் உள்ளதை எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

நீ பார்த்தது சரிதான். ராத்திரியில் படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்குகிறேன். படி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறேன். எனக்கு மட்டும் இல்லை, கீழே இன்னும் ஐந்தாறு பேருக்கு இருக்கிறது. பூசணத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்கிறதாம். நாங்கள் தொழிலாளர் சங்கத்தில் ரகசியமாகச் சொன்னோம். அவர்கள் சண்டை போட்டு ஒரு காரியம் சாதித்திருக்கிறார்கள். மே மாதம் முதல் வாரத்தில் வெளி டாக்டர் வருகிறார். அன்றைக்கு வேலையில் இருக்கும் எல்லாரையும் சோதிப்பார். யாருக்கு இந்த நோய் இருக்கிறதோ அவர்களுக்கு ஆயுசு முழுக்க வைத்தியம் கம்பெனி பொறுப்பு, வேறு வேலையும் தரவேண்டும். அன்றைக்கு வேலையில் இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

அதனால்தான் அலமாரிக்குப் பின்னால் போய் இருமுகிறேன். முன்னாலேயே தெரிந்தால் ஏதாவது காரணம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். விட்டுவிட்டு வா என்கிறாய். இப்போது விட்டால் நோய் மட்டும் என்னோடு வரும், வைத்தியம் வராது.

மே வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள். அதுவரை வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு சும்மா இரு. உன்னால் முடியாத காரியம், இருந்தாலும் எனக்காக.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ வளர்ந்து நின்றாய். யாரோ என்று நினைத்துவிட்டேன், ஒரு நிமிஷம்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

நெட்டை அக்கா இப்போதுதான் வந்தாள். அவளுக்கு விடுப்பை இரண்டு தடவை தள்ளிவிட்டார்களாம். உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அம்மா போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். நான் சமையலறையில் நின்று எழுதுகிறேன். அவள் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

நான் செய்த வேலை இதுதான். செய்தித்தாளில் ‘உணவுப் பக்கம்’ என்று வாரம் ஒரு தடவை வருமே, அதற்குப் புகார் எழுதினேன். என் பெயரில் எழுதினால் யார் மதிப்பார்கள்? கேன்டீன் பன்னில் ஆணி கிடந்தபோது பெற்றோர் சங்கத் தலைவராக எழுதினேனே, அந்த மாதிரி. இந்தத் தடவை தலைமையாசிரியை. அப்படியே போட்டுவிட்டார்கள்:

‘ஐயா, நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மாணவியருடன் நிலவறைக்குச் சென்றிருந்த வேளையில், பாக்கெட்டில் சிரிக்கும் பெண்மணி பாலாடைக்கட்டிகளுக்கு நடுவே நின்று இருமக் கண்டேன். அன்னாரது இருமல் நாம் உண்ணும் உணவில் ஒரு சேர்மானமா என அறிய விழைகிறேன். அன்னாரை உடனடியாக நிலவறையினின்றும் அகற்றி, காற்றோட்டமான பணியில் அமர்த்தி, தக்க சிகிச்சை அளிப்பதே முறையாகும்.’

கடைசி வரியைத்தான் எல்லாரும் படிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் படிக்கவில்லை. அன்றைக்கே எவனோ ஒருவன், போன மாதம் கண்ணாடி வழியாக எடுத்து வைத்திருந்த வீடியோவை எடுத்து விட்டான், நீ பலகைக்குப் பின்னால் குனிந்து நிற்பது. ‘இருமல் சீஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சக்கரச் சிரிப்புச் சிரித்தவர்களே இப்போது மூடியை அணைத்துக்கொண்டு இருமிக் காட்டுகிறார்கள். பணக்காரி வீட்டில் பிரிட்ஜையே கழுவினார்களாம். லட்சம் பேர் பார்த்தார்கள் அக்கா. லட்சம் பேரும் சீஸுக்கு என்ன ஆகுமோ என்றுதான் கேட்கிறார்கள்.

நெட்டை அக்கா கிளம்பும்போது உன்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டிருந்தார்களாம். என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. மே வரைக்கும் எப்படியாவது சமாளி. உனக்குச் சளிதான் என்று சொல். வீடியோவில் இருப்பது வேறு யாரோ என்று சொல். இதை எழுதியது ஒரு பைத்தியம் என்று நான் வந்து சொல்கிறேன். எப்போது வரவேண்டும் என்று மட்டும் எழுது.

அவள் டீ முடித்துவிட்டாள்.


மே 5

வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன், மார்பு நோய் ஆஸ்பத்திரி பெண்கள் வார்டிலிருந்து. உன் கடிதம் நெட்டையோடு கம்பெனிக்குப் போய், நான் அங்கே இல்லாததால் சுற்றிக்கொண்டு இங்கே வந்தது. இங்கே வார்டன் இல்லை, பக்கத்துக் கட்டில் பாட்டிதான் எட்டிப் பார்க்கிறாள்.

மேனேஜர் பத்திரிகையை என் முன்னால் போட்டு, யார் இந்தத் தலைமையாசிரியை, தெரியுமா என்று கேட்டார். நான் வாசித்தேன். ‘அன்னாரது இருமல்’ என்ற இடம் வந்ததுமே தெரிந்துவிட்டது. உலகத்தில் வேறு எவளும் அப்படி எழுதமாட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாலு. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்தேன். சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவர் எழுந்து கதவோரம் போய் நின்று, எல்லாம் முடிந்த பிறகு, அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நோயை மறைத்து உணவைத் தொட்டதாகச் சொல்லி அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொன்னார்கள். தலைமையாசிரியை யார் என்று தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதைக் கடைசி வரைக்கும் அப்படியே வைத்துக்கொள்.

பஸ்ஸில் வரும்போது மூச்சு முட்டிவிட்டது. கண்டக்டர் நல்ல மனுஷன், பஸ்ஸை இந்த ஆஸ்பத்திரி வாசலுக்கே திருப்பச் சொன்னார். பாக்கெட் பெண் என்று யாருக்கோ அடையாளம் தெரிந்துவிட்டது போல. என் இருக்கைக்கு முன்னும் பின்னும் எல்லாரும் எழுந்து போய் நின்றார்கள்.

சங்கத்து டாக்டர் மூன்றாம் தேதி வந்து போனாராம்.

அம்மாவை அனுப்பு. நீ பரீட்சை எழுது.

அக்கா


மே 29

அக்காவுக்கு,

பரீட்சை எழுதினேன். எழுதுவதில் இனி என்ன இருக்கிறது? அம்மா உன்னைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து முட்டியைப் பற்றிப் பேசவில்லை. இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். உன் பழைய கடிதங்களை மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள், இந்தத் தடவை விடாமல். வாசித்தேன். முன்பு ‘நல்ல சாப்பாடு’ வந்த இடத்தில் நிறுத்தி, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

சங்க ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் நல்லவர், உன் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றார். நெட்டை அக்காவோடு சேர்த்து ஐந்து பேருக்கு நோய் இருப்பதாகத் தெரிந்து வைத்தியம் ஆரம்பித்துவிட்டார்களாம். கீழே எல்லாருக்கும் முகமூடி கொடுத்துவிட்டார்களாம். “உங்க அக்காதான் முதல்ல வாயைத் திறந்தது. ஆனா அன்னிக்கு வேலைப் பட்டியல்ல அவங்க பேர் இல்லையேம்மா” என்றார். பேரில்தான் எல்லாம் இருக்கிறது போல. ஒன்றில் இல்லை என்றால் எதிலும் இல்லை.

பத்திரிகை ஆபீஸுக்கும் போனேன். இந்தத் தடவை என் சொந்த வாயோடு போனேன். தூசி, முகமூடி, டிக்கெட், கண்ணாடி எல்லாம் சொன்னேன். உணவுப் பக்கத்து ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிம்மா, இதனால சீஸ்ல கிருமி இருக்கா, இல்லையா?” என்றார். இல்லை, தூசி ஆளைத்தான் பிடிக்கும், சீஸை ஒன்றும் செய்யாது என்றேன். “அப்ப வாசகருக்கு ஒண்ணும் இல்லையே” என்றார். தலைமையாசிரியை நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ சொன்னது ஞாபகம் வந்தது.

அந்த வாரமே கம்பெனியின் பதிலைப் போட்டார்கள். சோதனை செய்து பார்த்ததில் சக்கரங்கள் அனைத்தும் பூரண ஆரோக்கியத்துடன் இருப்பதாக.

நீ எப்படி இருக்கிறாய்?

வாலு


ஜூன் 20

வாலுக்கு,

பெரிய டாக்டர் என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கெட்டியாகிப்போன இடம் இனி இளகாதாம். மிச்சம் இருப்பதை வைத்து ஓட்ட வேண்டுமாம். ஆக்சிஜன் எனக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் மாற்றி மாற்றி வருகிறது. பாட்டி விட்டுக்கொடுக்கமாட்டாள், நானும்தான்.

நேற்று புது நர்ஸ் வந்து, நீங்க அந்தச் சீஸ் அக்காதானே, ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க என்றாள். சின்னப் பெண், உன்னைவிட மூன்று நான்கு வயசுதான் மூத்தவளாக இருப்பாள். சிரித்தேன்.

உன் கடிதம் இப்போதெல்லாம் பெரியவர்கள் எழுதினது மாதிரி இருக்கிறது. எனக்கு அது வேண்டாம்.

அக்கா


ஜூலை 12

அக்காவுக்கு,

அம்மா நலம். நானும் நலம். ஜோக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன்.

புதுப் பாக்கெட் வந்துவிட்டது. உன் இடத்தில் வரைந்த பெண் ஒருத்தி. மூக்கு ஒரே ஒரு கோடு, அதில் தூசி போக வழி இல்லை. கெட்டிக்காரர்கள். இனிமேல் மெஷின்தான் புரட்டுகிறதாம். கீழே ‘மனிதக் கை படாதது’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறான். பணக்காரி வீட்டில் இப்போது கை பட்டதைத் தொடுவதில்லை.

பழைய பாக்கெட்டையெல்லாம் வாசலுக்குப் பக்கத்தில் கூடையில் குவித்து, ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா என்று தள்ளுகிறார்கள். அப்படியும் யாரும் எடுப்பதில்லை. அம்மா பார்த்துவிட்டாள். லாண்டரி மூட்டைத் துணியை விரித்து, கூடையோடு கவிழ்த்து, முடிச்சுப் போட்டு, கூலிப் பணத்தைக் கல்லாவில் கொடுத்துவிட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அடுத்த கடைக்கும் போனாள், அதற்கடுத்ததற்கும். நான் பின்னாலேயே போனேன். இவ்வளவையும் என்னம்மா செய்யப் போகிறாய் என்று கேட்டேன். “பிள்ளையக் குப்பையில போட விடுவேனா?” என்றாள்.

வீட்டில்தான் பிரிட்ஜ் இல்லையே. அறை முழுக்க நீ, எல்லாம் வியர்க்க ஆரம்பித்துவிட்டாய். அம்மா கத்தரிக்கோலை எடுத்து உன் முகத்தைச் சுற்றி மட்டும் வெட்டி வெட்டி அடுக்கினாள், காலர் மடிக்கிற நிதானத்தோடு. உள்ளே இருந்ததை நான் வாரிக் கொட்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். “அதுவும் அவ பண்ணதுதானே” என்றாள்.

யோசித்துப் பார்த்தால் நாங்கள் அதைத் தின்றதே இல்லை அக்கா. நீ அங்கே போனதிலிருந்து ஒரு துண்டு வாங்கினதில்லை. நீயும் தின்றிருக்கமாட்டாய், எனக்குத் தெரியும்.

துப்புவதற்காகத்தான் வாயில் போட்டேன். முதலில் உப்பு, பிறகு வறுத்த கொட்டை மாதிரி ஒரு வாசனை, அதற்குப் பிறகு மெதுவாக இனிப்பு. துப்ப முடியவில்லை. இன்னொரு துண்டு எடுத்தேன். அம்மாவும் ஒன்று எடுத்தாள். வெகுநேரம் மென்றாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

அந்தப் பாக்கெட்டை முடித்துவிட்டு அடுத்ததைப் பிரித்தோம்.

பதில் எழுதாதே. அந்த மூச்சை வைத்துக்கொள்.

தங்கை